மாயப் பொறியும் மீளும் வழியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா நிரலில் என் பெயருக்கு எதிரே 'மாயப் பொறி' என்று அச்சிட்டிருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், "ஐயா, இவ்வாண்டு கண்கட்டு வித்தை காட்டப் போகின்றீர்களோ?" என்று வினவினார். நம் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். அவருக்குப் பொறி என்றால் கடைசல் இயந்திரம். அவர் துணைவியாருக்கோ பொறி என்றால் எலிப்பொறி. தமிழில் இச்சொல்லுக்கு இன்னும் பொருள் உண்டு. தீயிலிருந்து தெறிப்பதும் பொறி. கண் முதலிய ஐந்தும் பொறி. கண்ணாகிய பொறியின் வழியே மனிதனைப் பிடிக்கும் ஒரு பொறியைப் பற்றியே நான் இன்று பேச வந்துள்ளேன். அதுவும் மெய்யான பொறியன்று. கதை விளையாட்டு ஒன்றிலே நம் சிறுவர்களுக்காக நான் அமைத்த கற்பனைப் பொறி. அதை முதலில் தவறாக அமைத்தேன். அத்தவற்றால் ஒரு சிறுவனின் மனம் நொந்தது. பின்னர்ப் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்துத் திருத்தினேன். அந்த வரலாறே இவ்வுரை.

விளையாட்டு இன்னதென்று பெரியோர்களுக்கு முதலிற் கூறிவிடுகின்றேன். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒருவர் கதை சொல்வார். ஏனையோர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். "பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கின்றீர்கள். என்ன செய்வீர்கள்?" என்று கதைசொல்பவர் கேட்பார். ஒருவன் கதவைத் தட்டுவேன் என்பான். ஒருத்தி மதிலைச் சுற்றி வருவேன் என்பாள். செயல் கைகூடுமா என்னும் ஐயம் எழும்போது இருபது முகமுடைய பகடையை உருட்டித் தீர்மானிப்பர். முன்கூட்டி எழுதிவைத்த முடிவு இதற்கு இல்லை. கூத்தும் தாயமும் கூடிப் பெற்ற குழந்தை என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வூரில் கணினி நிறுவனங்களிற் பணிபுரியும் நம் இளைஞர்கள் சிலர் இதனை எனக்குக் கற்பித்தனர். ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்துச் சிறுவர்களைக் கூட்டித் தமிழிலே இதனை ஆடத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். சௌக்காபாரா ஆடிப் பழகிய அவர்களுக்குச் சோழி கைவந்த பொருள். எனவே பகடையை விடுத்துச் சோழிக்கு மாறினோம்.

வயது முதிர்ந்தவனுக்கு விளையாட்டு ஏன் என்று சிலர் எண்ணலாம். நாம் குடியேறி வாழும் இம்மைசூர் விளையாட்டைச் சிறிதாக எண்ணாத ஊர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) ஆட்சிப் பொறுப்பை 1831-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். அதற்குப் பின்னும் அவர் கலைகளை வளர்த்தார். பலகை விளையாட்டுகளையும் சீட்டு விளையாட்டுகளையும் தாமே வகுத்தார். சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களிலும் ஒரு கட்டத்தை இருமுறை மிதியாமற் சுற்றிவரும் வழிகளை ஆராய்ந்தார். அவர் காலத்தில் தொகுக்கப்பெற்ற ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒரு பகுதியாகிய கௌதுக நிதி விளையாட்டுகளைப் பற்றியது. அரசர் ஒருவர் அரிய உழைப்பைச் செலவிட்ட துறையில் அடியேன் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடுவதில் இழுக்கு யாதுமில்லை.

இனி என் பிழையைக் கூறுகின்றேன். எங்கள் ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தந்தையார் கடைசல் தொழிலாளர். சிறுவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் தன் பாத்திரமாகிய வீரனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். கதையில் அன்று கோட்டை வாயில் வந்தது. அக்கதவில் நான் ஒரு மாயம் வைத்திருந்தேன், தொட்டவர் கல்லாவர். அறிகுறி ஒன்றும் வைக்கவில்லை. அவன் ஆர்வத்தோடு முன்னே சென்று, "கதவைத் தள்ளுகிறேன்" என்றான். "கல்லானாய்" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன், நானும் சிரித்தேன். என் பொறி வேலை செய்தது என்னும் பெருமிதச் சிரிப்பு அது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவிலே அவன் தந்தையாரைக் கண்டேன். "ஐயா, அந்த வீரனுக்கு ஊர், பேர், தாய், தந்தை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். இப்போது அந்த நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டான்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நான் செய்தது என்ன? பரமபத சோபானப் படத்தை நினைத்துப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடியிருப்பீர்கள். அதிலே பாம்புகள் வாய்பிளந்து கண்முன்னே கிடக்கின்றன. ஆயினும் தப்ப வழியில்லை. தாயம் சொன்ன கட்டத்திலேதான் காயை வைக்க வேண்டும். அது ஊழைக் காட்டும் விளையாட்டு. அதற்கு அது பொருந்தும். என் கதவோ அதனினும் கீழானது. பாம்பையும் மறைத்துவிட்டு, "நீயே வந்து மிதித்தாய்" என்று பழியையும் சிறுவன்மேற் போட்டேன்.

மேனாட்டார் இதில் எப்படி நடந்துகொண்டனர் என்று பார்த்தேன். தேர்ந்த ஆட்டக்காரர்களையும் திணறடிக்க வேண்டும் என்று கைகாக்ஸ் ஒரு கல்லறையை வகுத்தார். 1975-இல் ஒரு போட்டியில் அது முதலில் ஆடப்பட்டது. 1978-இல் நூலாக வந்தது. அதன் பெயருக்கு 'அச்சங்களின் கல்லறை' என்று பொருள். அங்கே சுவரில் ஒரு பச்சைப் பேய்முகம் வாய்திறந்து நிற்கும். வாயினுள் கரிய இருள். உள்ளே புகுந்தவர் இல்லாது ஒழிவர். பகடை உருட்டவும் இடமில்லை. எத்தனையோ வீரர்கள் அவ்வாயில் மறைந்தனர். கொடுமையிற் பெயர்பெற்ற பொறி அது. ஆனால் அக்கொடிய கல்லறையிலும் நுழைவிடத்து நடைபாதையிலே விடுகதைப் பாட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. பச்சை நிறத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. கண்ணுடையவன் படிக்கலாம். என் கதவில் அந்தக் கண்ணியமும் இல்லை.

பின்னர் நம் நூல்களிடம் சென்றேன். சங்க காலத்துக் குறவரும் வேட்டுவரும் அடார் என்னும் பொறியை அறிந்திருந்தனர். பெருங்கல்லைச் சாய்த்து முட்டுக்கொடுத்து நிறுத்துவர். விலங்கு உள்ளே வந்து தீண்டியதும் கல் விழும். புலி பிடிக்கும் அடார் புறநானூற்றிலே உவமையாக வருகின்றது. மலைபடுகடாத்திலோ அது உவமையன்று. வழியிலே கிடக்கும் மெய்யான இடர். பெருங்கௌசிகனார் பாடிய அவ்வாற்றுப்படையில், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு முன்சென்று வந்தவன் வழி சொல்கின்றான். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காகக் குறவர் கல் அடார் வைத்திருக்கின்றனர். இருளிலே செல்லாதீர், தங்கியிருந்து விடியலிலே கடந்து செல்லுங்கள் என்கின்றான். பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, கவண்கல் எங்கிருந்து பறந்து வரும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கின்றான். 583 அடிகள் கொண்ட பாட்டில் இதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கின்றார் புலவர்! வழியின் இடர்களைக் கேட்கக் கேட்க அச்சம் வருகின்றது; ஆனால் போக வேண்டும் என்னும் ஆசையும் வளர்கின்றது. கதைசொல்பவன் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. மேசைக்கு அப்பால் அமர்ந்து பொறி வைக்கும் குறவனாக மட்டும் நான் இருந்துவிட்டேன். வழியறிந்து சொல்லும் கூத்தனாகவும் இருந்திருக்க வேண்டும். அடார் அங்கே இருக்கட்டும். ஆனால் இருளில் ஆபத்து, விடியலில் தப்பலாம் என்பதை அறியும் வாய்ப்பு வேண்டும்.

பாரதத்து அரக்கு மாளிகையிலும் இது உண்டு. வாரணாவதத்தில் புரோசனன் கட்டிய அம்மாளிகையில் நுழைந்ததும், நெய்யும் அரக்கும் கலந்த மணத்தைத் தருமன் உணர்ந்துகொள்கின்றான். புறப்படுமுன்பே விதுரன் மறைமொழியால் எச்சரித்திருக்கின்றான். பின்னர்ச் சுரங்கம் தோண்டுபவன் ஒருவனையும் அனுப்புகின்றான். மணம், மொழி, சுரங்கம் என மூன்று உதவிகள் இருந்தும் கதையின் பரபரப்புச் சிறிதும் குறையவில்லை. பொறியை அறிந்தபின் அதனுள்ளே அறியாதவர்போல் வாழ்வது அதனினும் பெரிய பரபரப்பு. ஒன்றை மட்டும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாண்டவர் தப்பிய அவ்விரவில், விருந்துண்டு அங்கேயே உறங்கிய வேட்டுவப் பெண்ணும் அவள் மக்கள் ஐவரும் எரிந்து போயினர். தப்பியவர்களின் கதையைச் சொல்லும்போது நாம் அவர்களை விரைவாகக் கடந்து விடுகின்றோம்.

எச்சரிக்கை வேண்டும் என்பது தெளிந்தது. ஆனால் பொறியில் அகப்படுவதற்கும் ஒரு காரணம் வேண்டுமன்றோ? இதற்கு உதயணன் கதையே எனக்குத் துணைசெய்தது. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை 1924-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். நமக்குக் கிடைத்த ஏட்டில் நூலின் முற்பகுதி இல்லை; உதயணகுமார காவியம் முதலியவற்றால் அப்பகுதிக் கதையை அறிகின்றோம். உஞ்சை மன்னன் பிரச்சோதனன் உதயணனைச் சிறைப்பிடிக்க விரும்புகின்றான். படையெடுத்துச் சென்று பிடிப்பது அரிது. ஆகவே ஒரு யானையைச் செய்விக்கின்றான். பொறியால் இயங்கும் யானை. அதன் வயிற்றுள்ளே வீரர்கள். அதைக் காட்டிலே உலவ விடுகின்றான். உதயணனோ கோடபதி என்னும் யாழை மீட்டி மதயானையையும் வசப்படுத்த வல்லவன். யானை என்றால் தன்னை மறப்பவன். யாழோடு நெருங்குகின்றான். யானை இசைக்கு மயங்கவில்லை. வீரர்கள் வெளிப்பட்டுப் பிடித்துக்கொள்கின்றனர்.

இம்மைசூர் நாட்டுக் காகனகோட்டைக் காட்டில் 1971 வரை நடந்த கெத்தாவை மூத்தோர் அறிவர். பறையொலியும் தீயும் கூச்சலும் கொண்டு காட்டுயானைகளை ஆற்றிலே இறக்கி, மரவேலி அடைப்புக்குள் துரத்துவர். அங்கே மனிதன் அச்சத்தைக் கொண்டு யானையைப் பிடித்தான். உதயணன் கதையிலே யானையைக் கொண்டு மனிதனைப் பிடித்தனர். அதற்கு அச்சம் தேவைப்படவில்லை, அவனுடைய விருப்பமே போதுமானதாயிற்று. இதனால் அகப்பட்டபின்னும் உதயணனை நாம் இகழ்வதில்லை. அவன் அவனாக இருந்ததனால் அகப்பட்டான். எந்த யாழ் அவனைப் பொறிக்குள் இழுத்ததோ, அதே யாழால் பின்னர் நளகிரி என்னும் மதயானையை அடக்கி, மதிப்பையும் மீட்சியையும் பெறுகின்றான்.

விருப்பம் என்றேன். இரக்கத்தையும் தூண்டிலாக்கலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். குழியிலே அழும் குழந்தை ஒன்று, அருகே போனால் பேய் என்றார். பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் அது சுவைக்கலாம். சிறுவர் ஆட்டத்தில் நான் அதனை ஒருகாலும் வைக்க மாட்டேன். இரண்டுமுறை அவ்வாறு ஏமாந்த குழந்தை மூன்றாம் முறை அழுகுரல் கேட்டால் விலகிப் போகும்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையைச் சொல்லாமல் பொறி பற்றிய பேச்சு நிறைவு பெறாது. மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டை வாயிலைக் கடக்கும்போது, மதிற்பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாகக் காட்டுகின்றார். தானே வளைந்து எய்யும் வில், குரங்கு வடிவான பொறி, கல் உமிழும் கவண், கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி, மதிலேறுவோரைக் குத்தும் பன்றிப் பொறி. மாயப் பொறி தேடும் இளைஞர்க்கு இது ஒரு சுரங்கம். ஆனால் அத்தனை பொறிகளும் கண்ணகியை ஒன்றும் செய்யவில்லை. கோவலனைக் கொன்றது மதிலுக்கு உள்ளே இருந்த ஒரு பொற்கொல்லனின் சொல்.

கடைசியாக மயன் அமைத்த மண்டபம். இந்திரப்பிரத்தத்தில் அதனை அவன் பதினான்கு மாதத்தில் முடித்தான் என்று பாரதம் கூறும். பளிங்குத் தரையை நீர் என்று எண்ணித் துரியோதனன் ஆடையை உயர்த்திக்கொண்டான். நீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். அதில் உயிருக்கு ஏதம் இல்லை. மாற்று ஆடை தந்து அனுப்பினர். சிறு விளையாட்டுத்தான். ஆனால் நகைப்பு எழுந்தது. நகைத்தவர் யார் யார் என்பதில் நூல்கள் வேறுபடும். நகைத்தனர் என்பதில் வேறுபாடில்லை. குளத்து நீர் உலர்ந்தது; நகைப்பு உலரவில்லை. அதன் பின் சூதாட்டம் வந்தது. அப்பகுதியை வாசிக்கையில் என் கண்முன் நின்றவன் அந்தக் கடைசல் தொழிலாளியின் மகன்.

இவற்றையெல்லாம் எண்ணிப் புதிய பொறி ஒன்றை அமைத்தேன். கோட்டையினுள்ளே ஒரு மண்டபம். அதன் நடுவில் ஒரு குளம். குளத்தை நோக்குபவர் தாம் மிக விரும்புவதை அதில் காண்பர். அதை எடுக்கக் கைநீட்டினால் நீர் பளிங்காய் இறுகிக் கையைப் பற்றிக்கொள்ளும். முதலில் மணிக்கட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண் மேலேறும். இதனை அமைத்தவன் யார், எதற்காக என்றும் எழுதினேன். காரணமில்லாத பொறி கதையில் ஒட்டாது. அமைத்தவனும் அவ்வழியே நாள்தோறும் நடந்திருக்க வேண்டுமே! அக்கோட்டையின் கருவூலக் காவலர் அதனை அமைத்தார். திருடரைக் கொல்வது அவர் நோக்கமன்று. உயிரோடு பிடித்து, ஏவியவர் யார் என்று கேட்க வேண்டும். ஆகவே குளம் பிடிக்குமேயன்றிக் கொல்லாது. அவரோ முதுமையிற் பார்வை இழந்தவர். கண்வழியே பிடிக்கும் குளம் அவரை என்ன செய்யும்? சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்.

இதிலிருந்து அறிகுறிகள் தாமே வந்தன. சுவரில் இடுப்பளவு உயரத்தில் கை தேய்த்த பள்ளம். குளத்தின்மேல் விழுந்த இலை நனையாமற் கிடக்கின்றது. காற்று வீசியும் அலை இல்லை. மழைக்காலமாகியும் தவளை ஒலி இல்லை. 'சுவரைப் பார்க்கிறேன்', 'கல்லெறிந்து பார்க்கிறேன்' என்று தானே கேட்பவனுக்குச் சோழி வேண்டியதில்லை. உடனே சொல்லிவிட வேண்டும். கேளாதவனுக்கு மட்டுமே சோழி. ஆறு சோழியை வீசினால் அறுபத்து நான்கு வகையாக விழலாம். இருபுறமும் ஒத்த வாய்ப்பு என்று கொண்டால், மூன்றும் அதற்கு மேலும் வாய் நிமிர்ந்து விழுவது 42 வகை; ஐந்தோ ஆறோ நிமிர்வது 7 வகைதான். இருபது முகப் பகடையில் ஒன்றும் இருபதும் ஒரே அளவில் வரும். சோழியிலோ நடு எண்களே மிகும். ஆகவே இலையைக் காண மூன்று போதும், பள்ளத்தைக் காண ஐந்து வேண்டும் என்று வைத்தேன். மெய்ச்சோழி கணக்குப்படி விழாது. ஆடும் சோழிகளையே பலமுறை வீசிப் பார்த்தபின் விதி எழுதுவது நன்று.

அகப்பட்டவன் மீள்வது எப்படி? தானே வலிந்து இழுத்தால் வராது. தோழன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு வந்து அவன் தோளைப் பற்ற வேண்டும். அகப்பட்டவன் குளத்தில் தான் கண்டது இன்னதென்று அவனுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் நீர் இளகும். இடையில் மேசையில் யாரேனும் சிரித்தால் நீர் இன்னும் ஒரு சாண் இறுகும். கதைசொல்பவர் சிரித்தாலும் அவ்வாறே; எனக்காகவே அவ்விதியை எழுதினேன்.

ஆட்டத்துக்கு வைக்குமுன் அச்சிறுவன் வீட்டுக்குச் சென்றேன். அன்று நான் சிரித்தது தவறு என்று சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "புதிய பொறி ஒன்று செய்திருக்கிறேன், சரியாக இருக்கிறதா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று மண்டபத்தை விவரித்தேன். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சுவரில் ஏதாவது இருக்கிறதா மாமா?" என்றான். பள்ளத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தே போய்விடலாம்" என்றான். சோழி வீச வேண்டிய தேவையே நேரவில்லை. பொறியைக் கடந்துவிட்டான் என்று நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

அப்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, என் வீரன் வாயிலில் கல்லாக நிற்கிறான் அல்லவா? நான் வேறொரு ஆளாக வந்து இந்தக் குளத்தைப் பார்த்தால் அவன் தெரிவானா?"

இது என் தாளில் இல்லாதது. சற்று எண்ணிப் பார்த்து, "தெரிவான்" என்றேன்.

"அப்படியானால் நான் கண்ணை மூட மாட்டேன். கையை நீட்டுவேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு மாலை ஆட்டம் தொடர்கின்றது. அவன் நோட்டுப் புத்தகம் பரணிலிருந்து இறங்கிவிட்டதாக அவன் தந்தையார் இன்று காலை தெரிவித்தார். தோளைப் பற்றுவதற்குத் தோழர்கள் தேவை. சிறுவர்களைத் தாய்மார்கள் அனுப்பி வைக்க வேண்டுகின்றேன். காண விரும்பும் பெரியோரும் வரலாம்; ஆனால் சிரிப்பை அடக்க வல்லவராக வர வேண்டும்.